மீன்தூள் குறைந்த இறால் தீவனம்: அறுவடை வரை போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வேதாரண்யம் குளத்தான்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு வனாமி இறால் குளங்கள், ஒவ்வொன்றும் முக்கால் ஹெக்டேர். போன கோடைப் பட்டத்தில் இரண்டிலும் ஒரே நாளில், ஒரே பொரிப்பகத்துக் குஞ்சுகளைச் சதுர மீட்டருக்கு 40 வீதம் விட்டேன். ஒன்றாம் குளத்துக்கு நாலு வருடமாக வாங்கும் தீவனம், கிலோ 96 ரூபாய். இரண்டாம் குளத்துக்கு டீலர் சொன்ன புதுத் தீவனம், கிலோ 88. மீன்தூளைக் குறைத்துச் சோயாவும் வேறு தாவரப் புரதமும் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு மூட்டையிலும் புரதம் 36 சதவீதம் என்றுதான் அச்சடித்திருந்தது.

முதல் 35 நாள் வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம்தான் செக்ட்ரேயில், அதாவது இறால் தின்கிறதா என்று பார்க்கத் தீவனம் வைத்துக் குளத்தில் இறக்கும் தட்டில், கண்ணில் பட ஆரம்பித்தது. ஒன்றாம் குளத்தில் இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கினால் துடைத்த மாதிரி இருக்கும். இரண்டாம் குளத்தில் ஒரு கைப்பிடி பெல்லட் (தீவனத் துண்டு) ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். இறால்கள் வந்து, காலால் எடுத்து, கொஞ்சம் கொறித்துவிட்டுப் போட்டுவிடுகின்றன. விடியற்காலை டார்ச் அடித்து நானே உட்கார்ந்து பார்த்தேன்.

கடைசியில் ஒன்றாம் குளம் 112 நாளில் 40 கவுண்ட் (கிலோவுக்கு 40 இறால்), எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ இறாலுக்குப் போன தீவனம், 1.35 கிலோ. இரண்டாம் குளம் 124 நாளில் 45 கவுண்ட்தான், எஃப்.சி.ஆர். 1.58. கணக்குப் போட்டால் ஒரு கிலோ இறாலுக்குத் தீவனச் செலவு முதல் குளத்தில் சுமார் 130 ரூபாய், இரண்டாவதில் 139. பன்னிரண்டு நாள் ஏரேட்டர் கரண்ட் தனி. மலிவான தீவனம்தான் எனக்கு அதிகச் செலவு வைத்தது.

கம்பெனியில் கேட்டால் "உங்கள் தண்ணீரில் பிரச்சினை" என்றார்கள். இரண்டுக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர். மீன்தூளுக்கு மாற்று என்று பேசுவதெல்லாம் வெறும் பேச்சா, இல்லை நான் வாங்கினதுதான் மோசமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீர்காழி பெரியவர்

தம்பி, முதலில் இ.எச்.பி. கிருமி இருந்ததா என்று பார்த்தீர்களா? வளர்ச்சி தேங்கினால் தீவனத்தைத் திட்டுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். ஈரலில் அந்த நுண்ணுயிரி உட்கார்ந்துவிட்டால் தங்கத்தைப் போட்டாலும் இறால் ஏறாது.

அது இல்லையென்றால் என் கருத்து இது. 95-ல் வெள்ளைப் புள்ளி நோய் வந்து எல்லாம் போவதற்கு முன்பிருந்து நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அப்போது டைகர் இறால். தீவன மூட்டையைப் பிரித்தால் கணவாய் வாசம் தெருவுக்கே வரும். இப்போது மூட்டையைப் பிரித்தால் மாட்டுத்தீவனக் கடை வாசம் வருகிறது. கடலில் கிடக்கிற உயிருக்குக் கடல் சாப்பாடுதான் சேரும். சோயா மாட்டுக்கு.

வேதாரண்யம் குளத்தான்

ஐயா, 50-ஆம் நாளும் 80-ஆம் நாளும் இரண்டு குளத்திலும் பி.சி.ஆர். பார்த்தேன். இ.எச்.பி. இல்லை. வெள்ளைக் கழிச்சலும் வரவில்லை.

தீவன ஆலை அனுபவம்

பதினொரு வருடம் ஒரு தீவன ஆலையில் கலவைக் கணக்குப் போடும் வேலையில் இருந்தேன். இப்போது அங்கு இல்லை, அதனால் வெளிப்படையாக எழுதுகிறேன். ஆலையின் பெயரைக் கேட்காதீர்கள்.

மூட்டையில் இருக்கும் 36 சதவீதத்தை யாரும் நேரடியாகப் புரதமாக அளப்பதில்லை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அந்த நைட்ரஜன் நல்ல மீன்தூளிலிருந்து வந்ததா, கருகிய புண்ணாக்கிலிருந்து வந்ததா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. யூரியா கலந்த மீன்தூள் சந்தையில் ஓடுவதற்குக் காரணமும் இதுதான். யூரியாவில் நைட்ரஜன் நிறைய. சோதனையில் புரதம் ஏறும், இறாலுக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டு மூட்டையில் ஒரே 36 இருந்தது என்று ஏமாந்துவிட்டோமே என நினைக்காதீர்கள், அந்த எண் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அடுத்தது, கலவை நிலையாக இருக்காது. எந்தப் பொருள் மலிவோ அதை வைத்துக் கணினி கணக்குப் போட்டுக் கொடுக்கும். 2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை ஏறிய ஏற்றத்தில் மத்திய அரசே மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. 2023-ல் எல் நினோவால் பெருவில் அந்த வருடத்தின் முதல் நெத்திலிப் பருவத்தையே ரத்து செய்தார்கள், உலகம் முழுக்க மீன்தூள் விலை எகிறியது. இரண்டு சமயத்திலும் உள்ளே கலவை மாறியது, வெளியே மூட்டை மாறவில்லை. விவசாயிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்கு இன்றும் உறுத்தலாக இருப்பது அதுதான்.

உங்கள் இரண்டாம் குளத்துத் தீவனத்தில் மீன்தூளை எடுத்தது தப்பில்லை. எடுத்த இடத்தை எதை வைத்து அடைத்தார்கள் என்பதில்தான் தப்பு இருக்கும் என்று நினைக்கிறேன்.

மீன்வளம் படித்தவள்

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தேன், தீவன ஊட்டச்சத்துதான் என் பாடம். பெரியவர் ஐயா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

டைகர் இறால் மாமிசத்தின் பக்கம் சாய்ந்தது, அதற்குப் புரதமும் அதிகம் வேண்டும். வனாமி அப்படி இல்லை. எதையும் தின்னும், குளத்தின் அடியில் இருக்கும் பாசி, புழு, கழிவில் வளரும் நுண்ணுயிர் எல்லாவற்றையும் மேயும். முதல் 35 நாள் உங்களுக்கு வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் அதுதான் அண்ணா. அந்தச் சமயத்தில் உங்கள் குளமே பாதி சாப்பாடு போட்டது. இறாலின் எடை கூடக் கூட இயற்கை உணவு போதாமல் போய், பெல்லட்டையே நம்ப வேண்டிய நிலை வந்ததும் பெல்லட்டின் குறை வெளியே வந்துவிட்டது.

மீன்தூளை எடுக்கும்போது புரதம் மட்டும் போவதில்லை. அதோடு என்னென்ன போகிறது என்று பாருங்கள்.

சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. இட்லிக்கு ஊறப்போடும் கணக்குத்தான். அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் உளுந்து எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் இட்லி. மெத்தியோனின் தீர்ந்ததும் மிச்சப் புரதத்தை இறால் சதையாக மாற்ற முடியாமல் எரித்து அம்மோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடும். ஆலைகள் மெத்தியோனினைத் தூளாக வாங்கிச் சேர்க்கலாம். ஆனால் கோழி மாதிரி இறால் ஒரே வாயில் விழுங்குவதில்லை. பெல்லட்டைப் பிடித்துக்கொண்டு கொறித்துக் கொறித்துத் தின்கிறது. அதற்குள் சாதாரண மெத்தியோனின் தண்ணீரில் கரைந்து போய்விடும். அதனால் மேல்பூச்சு கொடுத்ததோ, இரண்டு மெத்தியோனினைக் கோத்து எளிதில் கரையாதபடி செய்ததோ தேவை. அது விலை கூட.

அடுத்து கொலஸ்ட்ரால். இறாலால் இதைத் தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ள முடியாது, வாய் வழியாகத்தான் வர வேண்டும். சட்டை உரிக்கச் சொல்லும் ஹார்மோன் கொலஸ்ட்ராலிலிருந்துதான் உருவாகிறது. மீன்தூளிலும் கணவாய்த் தூளிலும் அது தானாகவே இருக்கிறது, தாவரத்தில் கிட்டத்தட்ட இல்லை. தனியாகச் சேர்ப்பதென்றால் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பிலிருந்து எடுத்ததை வாங்க வேண்டும், கிலோ விலை கேட்டால் தலை சுற்றும். செலவைக் குறைக்க நினைக்கும் ஆலை முதலில் கை வைக்கும் இடம் இது என்பது என் சந்தேகம். அண்ணா, இரண்டாம் குளத்தில் சட்டை உரிப்பு எப்படி இருந்தது?

பாஸ்பரஸும் அப்படித்தான். சோயாவில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டிக் அமிலத்தில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் என்சைமைச் சேர்த்தாலும், பெல்லட் போடும் நீராவிச் சூட்டில் சாதாரண என்சைம் செத்துப்போகும்.

கடைசியாக வாசனை. இறால் கண்ணால் பார்த்துத் தின்பதைவிட முகர்ந்து தேடித் தின்பதே அதிகம். சோயாவுக்கு அதைக் கூப்பிடும் வாசனை இல்லை. மீன் கரைசல், கணவாய்த் தூள், கிரில் (இறால் போன்ற சின்னக் கடல் உயிரி) தூள் இவற்றில் ஏதாவது கொஞ்சமாவது வேண்டும். செக்ட்ரேயில் நீங்கள் பார்த்த "எடுத்துக் கொறித்துப் போட்டுவிடுவது" இதைத்தான் காட்டுகிறது.

இவ்வளவையும் ஈடுகட்டினால் வனாமியை மிகக் குறைந்த மீன்தூளில் நன்றாக வளர்க்கலாம். ஈடுகட்டாமல் புரத எண்ணை மட்டும் சமன் செய்தால் உங்கள் குளத்தில் நடந்தது நடக்கும்.

வேதாரண்யம் குளத்தான்

தங்கச்சி, சரியாகக் கேட்டீர்கள். ஒன்றாம் குளத்தில் அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஒரே வீச்சில் உரிக்கும், தண்ணீர் ஓரம் சட்டை ஒதுங்கும். இரண்டாம் குளத்தில் சிதறிச் சிதறி உரித்தது. எப்போது தூக்கினாலும் தட்டில் நாலைந்து இறால் தோல் மெத்தென்று இருந்தது. மினரல் குறைவு என்று நினைத்து மினரலாக வாங்கிக் கொட்டினேன்.

கோட்டைப்பட்டினம் கரை

நான் இறால் பண்ணைக்காரன் இல்லை, கடல் தொழில். மீன்தூள் மீன்தூள் என்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை எழுதலாம் என்று வந்தேன்.

விசைப்படகு இழுவலையில் வருவதில் விலைபோகிற மீனைப் பொறுக்கியது போக மிச்சம் சங்காயம். அதில் என்ன இருக்கும் தெரியுமா? விரல் நீளச் சங்கரா, நகத்தளவு கணவாய்க் குஞ்சு, நண்டுக் குஞ்சு. அடுத்த வருடம் கிலோ கணக்கில் நிற்க வேண்டியது. அதைக் காயவைத்துக் கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் அனுப்புகிறோம். கொள்ள ஆள் இருப்பதால் கண்ணி சிறுத்த வலை போடுகிறார்கள். கேரளாவில் 58 வகை மீனுக்குக் குறைந்தபட்ச அளவு என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் பக்கம் 61 நாள் தடைக்காலம் முடிந்து படகு இறங்கின முதல் வாரமே சங்காயம் மலையாகக் குவிகிறது.

என் தொழிலுக்கு நானே கேடு சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்கள் தீவனத்தில் மீன்தூள் குறைந்தால் எனக்குச் சந்தோஷம். சங்கராவைச் சங்கராவாக விற்றுக்கொள்கிறேன்.

தீவன ஆலை அனுபவம்

கரைக்காரர் சொன்னதற்கு ஒரு கணக்கு. ஒரு டன் பச்சை மீனைக் காய்ச்சி அரைத்தால் 220, 230 கிலோ மீன்தூள் வரும். தீவனத்தில் 20 சதவீதம் மீன்தூள், எஃப்.சி.ஆர். 1.4 என்றால் ஒரு டன் இறால் வளர்க்க 280 கிலோ மீன்தூள், அதாவது 1,200 கிலோவுக்கு மேல் பச்சை மீன். பத்து சதவீதத்துக்கு இறக்கினால் அதில் பாதி. குறைக்க வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாவது பேச்சு இல்லை.

கோவை புழுப் பண்ணை

கறுப்புப் படைவீரன் ஈயின் புழு வளர்க்கிறேன். காய்கறிச் சந்தைக் கழிவில் வளர்த்து, காயவைத்து, எண்ணெய் பிழிந்து தூளாக்குகிறோம். எண்ணெய் எடுத்தபின் புரதம் 50 சதவீதத்துக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியம் 2017-லேயே பூச்சிப் புரதத்தை நீர்வாழ் உயிரினத் தீவனத்துக்கு அனுமதித்துவிட்டது. யாராவது சோதித்துப் பார்க்கத் தயார் என்றால் மாதிரி அனுப்புகிறேன்.

மீன்வளம் படித்தவள்

நல்ல முயற்சி அண்ணா, மனதாரச் சொல்கிறேன். இரண்டு விஷயம் கவனியுங்கள்.

அந்த 50-ஐ 6.25-ஆல் பெருக்கித்தானே எடுத்தீர்கள்? புழுவின் தோலில் கைட்டின் இருக்கிறது, அதிலும் நைட்ரஜன் உண்டு. பூச்சிக்கு 4.76-ஆல் பெருக்குவதுதான் பொருத்தம் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் 50 சுமார் 38 ஆகிவிடும். வாங்குபவரிடம் இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

இன்னொன்று, புழு எதைத் தின்றது என்பது. ஐரோப்பாவில் உணவகக் கழிவிலும் சாணத்திலும் வளர்த்த புழுவைத் தீவனத்துக்கு எடுப்பதில்லை. நம் இறால் பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போவது. காய்கறிக் கழிவு மட்டும் என்று நீங்கள் கணக்கு நோட்டில் காட்ட முடிந்தால் அது பெரிய பலம்.

வேதாரண்யம் குளத்தான்

என் ஒரு குளத்துக்குச் சுமார் 8 டன் தீவனம் போகிறது. ஐந்து சதவீதம் என்றாலே 400 கிலோ புழுத்தூள். அவ்வளவு ஒரே சீராகக் கொடுக்க முடியுமா?

கோவை புழுப் பண்ணை

உண்மையைச் சொன்னால் இப்போதைக்கு முடியாது. 400 கிலோ தூளுக்கு ஒரு டன்னுக்கு மேல் பச்சைப் புழு வேண்டும். என் ஷெட்டுக்கு அது இரண்டு மாத வேலை. 4.76 விஷயம் எனக்குப் புதிது, நன்றி.

நெல்லூரில் டெக்னீஷியன்

ஊர் பட்டுக்கோட்டை, வேலை இங்கே. இந்தப் பக்கம் டிஸ்டில்லரி மாவு நிறைய நடமாடுகிறது. பெட்ரோலில் கலக்க எத்தனால் காய்ச்சும் ஆலைகள் பெருகியதும் மிஞ்சும் கசடு மலிவாகிவிட்டது. மக்காச்சோளக் கசடு என்றால் புரதம் 28 அளவில். அரிசிக் கசடு 45 வரை போகும், அதனால் அரிசி என்றால் ஆலைகளுக்கு ஆசை.

ஒரே எச்சரிக்கை பூஞ்சை நஞ்சு. மாவுச்சத்து சாராயமாகப் போய்விடுவதால் தானியத்தில் ஒரு பங்கு அஃப்ளாடாக்சின் இருந்தால் கசடில் மூன்று பங்காகத் திரண்டு நிற்கும். இறாலின் ஈரலைத்தான் அது முதலில் பிடிக்கும். போன மழைக்காலத்தில் ஒரு பண்ணையில் பார்த்தேன். ஈரல் சுருங்கி, வெளிறி, அதைச் சுற்றி இருக்க வேண்டிய வெள்ளைச் சவ்வு மங்கிப்போயிருந்தது. நோய் என்று மருந்தாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தீவனத்தை மாற்றிய பிறகுதான் தட்டில் சாப்பாடு ஏறியது. தீவனத்தைச் சோதிக்கக் கொடுத்திருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன், அவர்கள் கொடுக்கவில்லை.

சீர்காழி பெரியவர்

கடலைப் புண்ணாக்கு என்ன ஆயிற்று? நம் ஊரில் விளைகிறது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மீன்வளம் படித்தவள்

நல்ல கேள்வி ஐயா. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், நாம் சிபா என்கிறோமே, அங்கே கடலைப் புண்ணாக்கைப் பூஞ்சை கொண்டு நொதிக்கவைத்து வனாமிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நொதிக்கும்போது நார்ச்சத்தும் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் குறைகின்றன. நம் பண்ணைகளில் தவிட்டை வெல்லம் போட்டுப் புளிக்கவைக்கிறோமே, அதன் கட்டுப்பாடான வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு மூலப்பொருள்களைக் கொண்டு வன்னாமி பிளஸ் என்று ஒரு தீவனத்தையும் சிபாவில் உருவாக்கினார்கள். கடலைப் புண்ணாக்கில் மெத்தியோனினோடு லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைவு. அஃப்ளாடாக்சின் பயமும் உண்டு, நெல்லூர் அண்ணா சொன்னது இதற்கும் பொருந்தும். அதனால் தனியாக நிற்காது, கூட்டாளியாக நிற்கும்.

பாக்டீரியாப் புரதம் என்று ஒன்றும் வருகிறது. மீத்தேன் வாயுவைத் தின்னும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து உலர்த்துகிறார்கள், புரதம் 70 சதவீதம் அளவில். பெங்களூரில்கூட இந்த வேலை நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் கடல் நுண்ணுயிர்களை வளர்த்து டைகர் இறால் தீவனத்தில் சேர்த்து, மீன்தூளே இல்லாமல் வளர்த்துக் காட்டினார்கள். பெரியவர் ஐயா, டைகரையே! கடல் சாப்பாடுதான் வேண்டும் என்றீர்களே, அந்த நுண்ணுயிரும் கடல் சாப்பாடுதான்.

சீர்காழி பெரியவர்

சரிம்மா. அப்படியென்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூட்டையில் என்ன போட்டோம் என்று எழுதட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

வேதாரண்யம் குளத்தான்

அடுத்த பட்டத்தில் திரும்பவும் ஒரு மாற்றுத் தீவனம் போட்டுப் பார்க்க ஆசை. இந்த முறை எப்படிச் செய்தால் அடி வாங்காமல் தெரிந்துகொள்ளலாம்?

தீவன ஆலை அனுபவம்

இரண்டு குளத்தை வைத்து ஒப்பிட்டால் குளத்தின் வித்தியாசமும் தீவனத்தின் வித்தியாசமும் கலந்துவிடும். ஒரே குளத்துக்குள் ஆறு வலைக் கூண்டு கட்டுங்கள், மூன்றில் இது, மூன்றில் அது. ஐந்து கிராம் தாண்டிய இறாலை எண்ணி விட்டு 40 நாள் பாருங்கள். கூண்டு தரையைத் தொடக் கூடாது, தொட்டால் அடிமண்ணை மேய்ந்துவிடும். வாரம் ஒரு நாள் எடை. தீவனம் மிச்சமானால் வடிகட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியிடம் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள். மெத்தியோனின் எத்தனை சதவீதம், அது எந்த வடிவத்தில்? கொலஸ்ட்ரால் எவ்வளவு? இந்த மூட்டைத் தொகுதிக்கு அஃப்ளாடாக்சின் சோதனைத் தாள் உண்டா? பதில் சொல்லாத இடத்தில் வாங்காதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் சொல்வார்கள், டன் கணக்கில் வாங்குகிறவர்களை எந்த ஆலையும் இழக்க விரும்பாது.

ஒரு சின்ன வேலை இன்றைக்கே செய்யலாம். இரண்டு தீவனத்திலும் ஒரு பிடி எடுத்து, குளத்துத் தண்ணீர் நிறைந்த இரண்டு கண்ணாடி டம்ளரில் போட்டு இரண்டு மணி நேரம் வையுங்கள். அரைமணிக்கு ஒரு தரம் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

வேதாரண்யம் குளத்தான்

செய்தேன் அண்ணே. மிச்சம் இருந்த மூட்டையிலிருந்து எடுத்தேன், பழசுதான், காற்றுப் புகாமல் கட்டி வைத்திருந்தேன்.

அரை மணியில் பழைய தீவனம் கொஞ்சம் உப்பி, வடிவம் குலையாமல் இருந்தது. தண்ணீர் லேசாகத் தேநீர் நிறம். மீன் வாடை மேலே வந்தது. புதுத் தீவனம் அதே நேரத்தில் ஓரங்களில் பொரிந்து, டம்ளர் அடியில் வெளிர் மஞ்சளாக மாவு படிந்தது. ஒன்றரை மணிக்கு விரலால் தொட்டால் பாதி பெல்லட் நசுங்கிப் போனது, உள்ளே சோயாத் தோல் துணுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. முகர்ந்தால் ஊறவைத்த பயறு வாசம்.

இரண்டு டம்ளரையும் என் பெண்ணிடம் நீட்டி, எது எதுவென்று சொல்லாமல், நீ இறாலாக இருந்தால் எதற்குப் போவாய் என்று கேட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் வாடை அடிக்கிற டம்ளரைக் காட்டினாள்.

கூண்டுக்கு வலை சொல்லியிருக்கிறேன். மூன்று கேள்வியையும் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்கள் எட்டுப் பேர் கையெழுத்தோடு நாளை அனுப்புகிறோம். பதில் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.